ஈசல் விழுந்த இரவுகள்

(வானொலி இலக்கியத் தொடரில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)



இன்றைய உரைக்கு நான் எடுத்துக்கொண்டிருப்பது இரவில் மீன் பிடிப்பது பற்றி. அதிலும் ஒரே ஒரு மீனைப் பற்றி. இலக்கியத் தொடரில் இதற்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். மலையகம் என்றால் கொழுந்துக் கூடை, லயக் காம்பரா, அட்டைக் கடி, கங்காணியின் சத்தம் என்று நமது கதைகளிலும் கவிதைகளிலும் நிறைய வந்துவிட்டது. வந்ததெல்லாம் உண்மைதான். ஆனால் பிரட்டுக்களத்தில் பேர் கொடுத்து, மலையில் நின்று, அந்தி சாய்ந்து லயத்துக்குத் திரும்பிய மனிதன் அதன்பிறகு என்ன செய்தான் என்பதை நாம் அவ்வளவாக எழுதவில்லை. என் அப்பா மீன் பிடிக்கப் போனார். அதைத்தான் சொல்ல வந்தேன்.

எங்கள் தோட்டம் பசறைக்கு அப்பால், லுணுகலைப் பக்கம் போகும் வீதியிலிருந்து இறங்கும் ஒரு பள்ளத்தில் இருக்கிறது. வாசலில் நின்று பார்த்தால் நமுனுகுலை மலை தெரியும். 2036 மீற்றர் உயரம். அந்த மலைத்தொடரின் ஒரு பக்கத்துத் தண்ணீர் பதுளு ஓயாவில் சேர்ந்து, துன்ஹிந்தவில் விழுந்து, மகாவலிக்குப் போகிறது. இன்னொரு பக்கத்துத் தண்ணீர் மாணிக்க கங்கையாகிக் கதிர்காமத்துக்குப் போகிறது. கதிர்காமத்தில் அந்த ஆற்று மீனுக்குப் பக்தர்கள் பொரி போடுவார்கள், பிடிக்க மாட்டார்கள். எங்கள் அப்பாவும் ஆடி மாதம் அங்கே போய் மீனுக்குப் பொரி போட்டுக் கும்பிட்டுவிட்டு வந்தவர்தான். ஐப்பசியில் எங்கள் ஓடையில் தூண்டில் போட அது அவருக்குத் தடையாக இருக்கவில்லை. "அது சாமி வீட்டு மீன். இது நம்ம மீன்" என்பார்.

ஊவாவின் மழைக் கணக்கு மற்ற மலைநாட்டைப் போன்றதன்று. ஜூன் தொடங்கி செப்டெம்பர் வரை ஹற்றனும் நுவரெலியாவும் நனைந்து கிடக்கும்போது எங்களுக்குக் காய்ந்த காற்று. அந்தக் காற்றில்தான் ஊவாத் தேயிலைக்கு உலகம் மெச்சும் அந்த வாசம் வருகிறது என்று துரைமார் சொல்வார்கள். எங்களுக்கு அது பீலியில் தண்ணீர் நூலாக வடியும் காலம். ஒக்டோபரில், தீபாவளி முற்பணம் பற்றித் தோட்டத்தில் பேச்சு எழும் நாட்களில், இடியோடு முதல் மழை விழும். இரண்டு மூன்று நாள் அடித்துவிட்டு ஓர் அந்தியில் மழை ஓயும். காற்றே இருக்காது. மண்ணிலிருந்து ஆவி கிளம்பும். அப்போதுதான் புற்று வாய் திறந்து ஈசல் வரும்.

ஈசலைப் பற்றி நம் பழம்பாட்டிலேயே இருக்கிறது. புறநானூற்றின் 119ஆம் பாட்டில் கபிலர், கார்மழைக்குப் பின் செம்புற்றிலிருந்து வரும் ஈசலை மோரில் புளிக்க வைத்து உண்ணும் வளம் பாரியின் மலைநாட்டுக்கு இருந்ததைச் சொல்கிறார். பாரி போன பிறகு பாடிய பாட்டு அது. நான் பாடசாலையில் அதைப் படித்தபோது வாத்தியார் 'ஈயல்' என்ற சொல்லுக்கு விளக்கம் தந்துகொண்டிருந்தார். எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. முதல் நாள் இரவுதான் அம்மா ஈசலை இறகு புடைத்து, அரிசியோடு வறுத்துத் தந்திருந்தாள். மலைநாட்டுக்காரன் எந்தக் காலத்திலும் மலைநாட்டுக்காரன்தான் என்று அன்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் பிடித்த ஈசல் எல்லாவற்றையும் அம்மாவிடம் கொடுக்க மாட்டார் அப்பா. பாதியை ஒரு பால்மா டின்னில் போட்டு, மூடியில் ஆணியால் ஓட்டை குத்தி எடுத்துக்கொள்வார். அது மீனுக்கு.

இனி மீனைப் பற்றிச் சொல்ல வேண்டும். கெளிற்று இனத்து மீன் அது. கெளிறு என்பதற்குச் சங்ககாலப் பெயர் கெடிறு. எங்கள் ஊரில் யாரும் கெளிறு என்றோ கெளுத்தி என்றோ சொல்வதில்லை. கிராமத்தார் சொல்லும் சிங்களச் சொல்லையே நாங்களும் சொன்னோம்: மகுரா. இலங்கைக்கு மட்டுமே உரிய இனம் என்கிறார்கள் படித்தவர்கள். கறுத்த உடம்பு, செதில் கிடையாது, தொட்டால் வழுவழுவென்று நழுவும். வாயைச் சுற்றி நான்கு சோடி மீசை. செவுளுக்கு மேலே காற்றைச் சுவாசிக்கத் தனியாக ஓர் உறுப்பு இருப்பதால் தண்ணீர் வற்றினாலும் உடனே சாகாது. மழை இரவில் ஈரப் புல்லில் ஊர்ந்து ஒரு குழியிலிருந்து இன்னொரு குழிக்குப் போகும். பகலெல்லாம் வேருக்கடியில், கல் இடுக்கில் பதுங்கிக் கிடந்துவிட்டு இருட்டிய பிறகுதான் இரை தேடும். அதன் மீசை முழுவதும் ருசி அறியும் நரம்பு. கண் அதற்குப் பெரிய துணை இல்லை. இருட்டில் மணத்தைக் கொண்டு நடமாடும் பிராணி.

எனவே அதைப் பிடிப்பவனும் இரவில்தான் போக வேண்டும். அது எங்களுக்கு வசதியாகவும் போயிற்று. பகலில் ஓடைக்கரையில் தூண்டிலோடு நின்று கணக்கப்பிள்ளையின் கண்ணில் பட்டால் அன்றைய பேர் போய்விடும். இரவில் பேர் போட யாருமில்லை.

இன்னொரு சங்கதி. மேலே தேயிலை மலையில் ஓடும் குளிர்ந்த ஓடையில் மகுரா கிடையாது. அங்கே கல்லை ஒட்டிக் கிடக்கும் சின்ன மீன்கள்தான். மகுரா வேண்டுமென்றால் தோட்டத்து எல்லைக் கல்லைத் தாண்டி, சிங்களக் கிராமத்து வயல் தொடங்கும் இடத்துக்குக் கீழே இறங்க வேண்டும். அங்கே ஓடை மெதுவாகி, சேறு கட்டி, இரண்டு மூன்று மடுக்களாக நிற்கும். அதாவது, எங்கள் மீன் அவர்கள் நிலத்தில் இருந்தது. இரவில் ஒரு தோட்டத்து ஆள் வயலோரம் நடமாடினால் கிராமத்தில் என்ன நினைப்பார்கள்? களவு என்றுதான். ஆகவே கீழே ஓர் ஆள் துணை வேண்டும்.

அப்பாவுக்கு அந்த ஆள் இருந்தார். பெயர் சொல்ல நான் விரும்பவில்லை. அவருடைய பிள்ளைகள் அந்த ஊரில் இருக்கிறார்கள். அரை ஏக்கர் வயல், ஒரு பலா மரம், கொறுக்காய் மரம் ஒன்று, ஓடையோரம் ஒரு மண் வீடு. அப்பாவை அவர் "மச்சான்" என்பார். அப்பாவும் "மச்சான்" என்பார். இந்த ஒரு சொல்லை இரண்டு பாஷைக்காரரும் தங்களுடையது என்று நினைத்துப் பேசுகிறோம். அவருடைய தமிழ் முக்கால், அப்பாவின் சிங்களம் முக்கால். மீன் பிடிக்கும் இடத்தில் பேச்சுக் கூடாது என்பதால் இரண்டு பேருக்கும் அதுவே போதுமாக இருந்தது.

சாதாரண இரவில் புழுதான் இரை. மாட்டுப்பட்டிக்குப் பின்னால் எருக் குழியைக் கிளறினால் விரல் மொத்தத்தில் மண்புழு வரும். கோழிக் குடல் கிடைத்தால் இன்னும் நல்லது. ஒரு நாள் வைத்து, கொஞ்சம் நாறவிட்டு எடுத்துப் போவார். மணம் தண்ணீரில் பரவ வேண்டும். மூங்கில் கம்பு, அதன் நுனியில் கம்பளவு நீளத்துக்குத் தங்கூசி, ஒரு தூண்டில் முள், முள்ளுக்கு ஒரு சாண் மேலே துளை போட்ட சின்னக் கல். இவ்வளவுதான் சாமான். இரை அடியில் போய்ப் படுக்கும். நூலை விரல் மேல் போட்டுக்கொண்டு குந்தியிருக்க வேண்டும். முதலில் மீசையால் தடவும். விரலுக்கு எறும்பு ஊர்வதுபோல இருக்கும். அப்போது இழுத்தால் கெட்டது. பிறகு ஒரு இழுப்பு, கொஞ்சம் அசைவில்லாமல் ஓய்வு, பிறகு ஒரே போக்காகப் போகும். அப்போதுதான் தூக்க வேண்டும். எனக்கு அந்த ஓய்வைப் பொறுத்துக்கொள்ளப் பழக இரண்டு வருஷம் பிடித்தது.

தூக்கியதும் கையால் பிடிக்கக் கூடாது. பக்கச் சிறகில் இரண்டு பக்கமும் முள் இருக்கிறது. சாக்குத் துண்டால் தலைக்குப் பின்னால் அமுக்கி, முள் விரல்களுக்கிடையில் வரும்படி பிடிக்க வேண்டும். கீழ்நாட்டுக் குளங்களில் இருக்கும் ஹுங்கா என்ற இன்னொரு கெளிற்றின் முள்ளில் நஞ்சே இருக்கிறது. குத்தினால் பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் கையை வைப்பதுதான் வைத்தியம். வெப்பத்தில் அந்த நஞ்சின் வீரியம் கெட்டுவிடும் என்பதை டாக்டர்மாரும் ஒப்புக்கொள்கிறார்கள்.

ஈசல் இரவு இதற்கு முற்றிலும் வேறு. அன்று அடியில் இரை தேடும் மீன் மேலே வரும். லாந்தரை மடுவின் மேல் சாய்ந்த கிளையில் கட்டித் தொங்கவிடுவார்கள். ஈசல் வெளிச்சத்துக்கு வந்து கண்ணாடியில் மோதி, இறகு கழன்று, தண்ணீரில் விழும். விழுந்தது துடிக்கும். துடித்தால் தண்ணீரில் வட்டம் எழும். கொஞ்ச நேரத்தில் இருட்டிலிருந்து ஒரு சத்தம் கேட்கும். பல்லில்லாத கிழவர் வெற்றிலைச் சாறு உறிஞ்சுவதைப் போன்ற ஒரு சத்தம். அது மகுரா ஈசலை வாங்கும் சத்தம். ஆபிரிக்காவிலும் இதே குடும்பத்து மீன்கள், மழைக்குப் பின் ஈசல் விழும் நேரத்தில் மேலே வந்து தின்னும் என்று பிற்காலத்தில் படித்தேன்.

அன்று கல்லும் வேண்டாம், தக்கையும் வேண்டாம். இரண்டு ஈசலை இறகோடு முள்ளில் கோத்து, நூலைத் தளர்வாக விட்டுத் தண்ணீர் மேல் வைக்க வேண்டும். போட்டால் சத்தம் வரும், வைக்க வேண்டும் என்பார் அப்பா. அதற்குமேல் காதுதான். இந்தப் பக்கம் உறிஞ்சியது அவருடைய ஈசலா, அந்தப் பக்கம் உறிஞ்சியது நம்முடையதா என்று கேட்டே தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு மணி நேரம், மிஞ்சினால் இரண்டு மணி நேரம். ஈசல் நின்றால் மீனும் போய்விடும்.

1974ஆம் ஆண்டை மறக்க முடியாது. எனக்குப் பத்து வயது. உலகச் சந்தையில் தானிய விலை ஏறி, கூப்பன் அரிசியும் மாவும் குறைந்து, பாண் கடையில் விடியற்காலை தொடங்கி வரிசை நின்ற காலம். கிராமத்தாருக்குக் கொல்லையில் ஒரு பலா, நாலு மரவள்ளி இருந்தது. எங்களுக்கு லய வாசலும் கானும்தான் இருந்தன. தோட்டங்களில் பட்டினியால் செத்தவர்கள் உண்டு. எங்கள் லயத்திலும் ஒரு கிழவியையும் ஒரு கைப்பிள்ளையையும் எடுத்தோம். பதுளை மாவட்டத்தவரான தெளிவத்தை ஜோசப் 'காலங்கள் சாவதில்லை' நாவலை வெளியிட்டதும் அதே 1974இல்தான். அவர் 2022இல் மறைந்தபோது அந்தத் தலைப்பை நினைத்துக்கொண்டேன். அந்த வருஷம் அப்பா வாரத்தில் நாலு இரவு போனார். சில இரவில் ஒன்றும் இராது. இருந்த இரவில் அம்மா மீனைச் சாம்பல் போட்டுக் கல்லில் தேய்த்து வழுவழுப்பு எடுத்து, குழம்பை மூன்று வீட்டுக்குப் பகிர்ந்தாள். கீழேயிருந்து மச்சான் சில நாள் பலாக்கொட்டையும் கொடுத்துவிட்டிருக்கிறார். அவர் வீட்டிலும் ஏழு வாய் இருந்தது.

அடுத்த வருஷம், 1975இல், கம்பனித் தோட்டங்கள் அரசாங்கத்தின் கைக்கு வந்தன. எங்கள் துரை சீமைக்குப் புறப்பட்டார். தாத்தா பங்களாவில் அப்புவாக இருந்தவர். மேசை நாற்காலி ஏலம் போன பிறகு மிஞ்சியவற்றில் ஒரு தட்டையான டின் அவர் கைக்கு வந்தது. திறந்து பார்த்தால் உள்ளே வரிசையாகப் பூச்சிகள். பட்டு நூலும் இறகும் சுற்றிச் செய்த பொய்ப் பூச்சிகள், ஒவ்வொன்றின் வயிற்றிலும் ஒரு முள்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். 1880களில் வெள்ளைத் துரைமார் தங்கள் நாட்டு டிரவுட் மீனைக் கொண்டுவந்து நுவரெலியாப் பக்கத்துக் குளிர் ஓடைகளில் வளர்த்தார்கள். ஹோர்ட்டன் சமவெளி ஓடைகளில் அந்த இறக்குமதிச் சந்ததி பிறகும் தங்கிவிட்டது. அதைப் பிடிக்க ஒரு சங்கம், அனுமதிச் சீட்டு, விதிமுறை எல்லாம் இருந்தது. புழு போட்டுப் பிடிப்பது அவர்கள் பார்வையில் மரியாதைக் குறைவு. பொய்ப் பூச்சியால்தான் பிடிக்க வேண்டும். அந்தப் பூச்சிக்குப் பாரமில்லாததால், நூலையே பாரமாகச் செய்து, சாட்டை வீசுவதைப் போல வீசி எறிவார்கள். தாத்தா அந்தக் கூடையைச் சுமந்துகொண்டு போயிருக்கிறார். "மீனு புடிக்கிறாரா, மாடு ஓட்டுறாரான்னு தெரியாது" என்று சொல்லிச் சிரிப்பார்.

அந்தப் பூச்சிகளில் சிலவற்றில் கண் பொட்டு வைத்தாற்போன்ற ஓர் இறகு இருந்தது. சீமையில் பூச்சி கட்டுகிறவர்களிடையே மிகப் பேர்பெற்ற இறகு அது. எங்கிருந்து போனது தெரியுமா? தென்னிந்தியக் காடுகளில் வாழும் சாம்பல் நிறக் காட்டுக்கோழியின் கழுத்து இறகு. எங்கள் பாட்டன் பூட்டன் வந்த அதே பக்கம். அவர்கள் தேயிலைக்கு வந்து சேர்ந்தார்கள், கோழி இறகு சீமைக்குப் போய்ச் சுற்றிக்கொண்டு துரையின் பெட்டியில் பசறைக்கு வந்து சேர்ந்தது.

அப்பா அந்தப் பொய்ப் பூச்சியை மகுராவுக்குப் போட்டுப் பார்த்தார். மூன்று இரவு. ஒன்றுகூடத் தொடவில்லை. டிரவுட் கண்ணால் பார்த்துத் தின்னும் மீன், ஏமாறும். எங்கள் மீசைக்காரனுக்கு மணம் வேண்டும். நாலாம் இரவு ஈசல் வந்தது. அப்பா துரையின் பூச்சியை எடுத்து, இறகைப் பிய்க்காமல், அதன் மேலேயே ஓர் உண்மையான ஈசலை நூலால் கட்டினார். இறகு மிதந்தது, ஈசல் மணத்தது. அன்று இரவு ஒன்பது மகுரா. கீழே மச்சான் அந்த டின்னைக் கையில் வாங்கி, லாந்தரில் பிடித்து நெடுநேரம் பார்த்துவிட்டு, "சுத்தா மஹத்தயாவுக்கு மூளை இருக்கு, மூக்குத்தான் இல்லே" என்றார். அப்பா அவருக்கு இரண்டு பூச்சி கொடுத்தார். மண்புழுவால் பிடிப்பதைக் கேவலமாக நினைத்த ஒரு கனவான் அதைப் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ!

அந்த மடுக்கள் இப்போது பழையபடி இல்லை. வயலுக்கும் தேயிலைக்கும் அடித்த களைகொல்லி எல்லாம் மழையோடு அங்கேதான் வந்து சேர்ந்தது. இடையில் சிலர் வெடி போட்டார்கள், நஞ்சு கலந்தார்கள். 1996ஆம் ஆண்டின் கடற்றொழில் சட்டம் இரண்டையும் தடை செய்கிறது. சட்டம் கொழும்பில் இருந்தது, மடு பசறையில் இருந்தது. மகாவலி நீர்த்தேக்கங்களில் இப்போது வேறொரு மீசைக்காரன் பெருகியிருக்கிறான். கண்ணாடித் தொட்டியின் பாசி தின்ன வெளிநாட்டிலிருந்து வந்து, வெளியே விடப்பட்ட 'டேங்க் கிளீனர்'. உடம்பெல்லாம் கவசம், வலையைக் கிழிக்கும், வாங்க ஆளில்லை. ஒக்டோபர் மழையும் மாறிவிட்டது. முன்பு அந்த மழையில் ஈசலை எதிர்பார்த்தோம். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடிய பிறகு, அந்த மாதம் இரவில் மழை கனத்தால் எங்கள் மாவட்டத்து லயங்களில் யாரும் சரியாகத் தூங்குவதில்லை.

1983ஐ இதுவரை தள்ளிக்கொண்டு வந்தேன். சொல்லாமல் விட முடியாது.

அந்த வருஷம் ஜூலை 27ஆம் திகதி பதுளை நகரம் எரிந்தது. கடைகளும் வீடுகளும் எரிந்தன. அன்றே ஹாலிஎல, பண்டாரவளை, வெலிமடை, லுணுகலை என்று பரவியது. நாங்கள் லயத்தை விட்டுத் தேயிலைச் செடிக்கடியில் படுத்தோம். இரண்டாம் இரவு கீழேயிருந்து ஆட்கள் வந்தார்கள். எங்கள் லயத்தின் கோடியில் இரண்டு காம்பரா எரிந்தது. யாருக்கும் உயிர்ச் சேதமில்லை. வந்தவர்களின் முகம் தெரியவில்லை. குரல் தெரிந்தது என்று சிலர் சொன்னார்கள். அப்பா ஒன்றும் சொல்லவில்லை.

அப்போது எங்கள் வீட்டு இரும்புப் பெட்டியில் இந்தியப் பாஸ்போர்ட் இருந்தது. 1964ஆம் ஆண்டு சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா ஏற்பதென்றும், 3 இலட்சம் பேருக்கு இலங்கை குடியுரிமை தருவதென்றும் எழுதினார்கள் அல்லவா? அந்த முதல் கணக்கில் நாங்கள். அத்தை குடும்பம் முன்பே தலைமன்னார் வழியாகப் போய்விட்டது. அவர்களை ஏற்றிய ரயிலை எங்கள் பக்கத்தில் ஒப்பாரிக் கோச்சி என்பார்கள். ஜூலைக்குப் பிறகு அம்மா தினமும் ஒரே பேச்சு: "போயிடலாங்க." அப்பா, "பாப்போம்" என்பார். அதற்குமேல் பேச மாட்டார்.

ஒக்டோபரில் மழை வந்தது. ஓர் அந்தியில் ஓய்ந்தது. குப்பி விளக்கைச் சுற்றி ஈசல் வந்து விழுந்தது. ஒவ்வொரு வருஷமும் அந்த நேரத்தில் அப்பா டின்னோடு எல்லைக் கல்லுக்குப் போயிருப்பார். அன்று விளக்கடியில் ஒரு சட்டி தண்ணீரை வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரம் கழித்து நான் வெளியே வந்தேன். கீழே, வயல் பக்கம், ஒரு வெளிச்சம் தெரிந்தது. தெரிந்து, மறைந்து, தெரிந்தது. மூன்று தரம். அது அவர்களுடைய பழைய குறி. லாந்தரைச் சாக்கால் மூடித் திறந்தால், ஈசல் வந்துவிட்டது, இறங்கி வா என்று அர்த்தம். மேலேயிருந்து ஒரு தரம் மூடித் திறந்தால், வருகிறேன் என்று அர்த்தம்.

அப்பா லயக் கோடியில், எரிந்த காம்பராவின் வாசலில் நின்று அதைப் பார்த்தார். அம்மாவும் வந்து பின்னால் நின்றாள். கீழே மறுபடி மூன்று தரம். கொஞ்ச நேரம் விட்டு மறுபடி மூன்று தரம். எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. ஈசல் நிற்கும்வரை அந்த வெளிச்சம் இருந்தது. அப்பா கையில் விளக்கு இல்லை. போய் எடுக்கவுமில்லை.

அந்த வருஷம் முழுவதும் அவர் மீனுக்குப் போகவில்லை. பெட்டியிலிருந்த பாஸ்போர்ட்டையும் எடுக்கவில்லை.

1984இல் கப்பல் நின்றுபோயிற்று. அதே வருஷம் மழைக்குப் பின் மறுபடி ஈசல். மறுபடி கீழே வெளிச்சம், மூன்று தரம். நான் அப்பாவைப் பார்க்கவில்லை, அம்மாவைப் பார்த்தேன். அம்மா அடுப்படிக்குப் போய்ச் சாக்குத் துண்டை எடுத்து வந்து வாசற்படியில் போட்டாள். ஒரு வார்த்தை பேசவில்லை. அப்பா குப்பி விளக்கை எடுத்து, அந்தச் சாக்கால் ஒரு தரம் மூடித் திறந்தார். என்னைப் பார்த்து, "டேய், டின்னை எடு" என்றார்.

மச்சான் மடுவோரம் குந்தியிருந்தார். மெலிந்திருந்தார். எங்களைப் பார்த்து எழும்பவில்லை. "மேரு ஆவா மச்சான்" என்றார். ஈசல் வந்துவிட்டது என்று. அப்பா அவருக்குப் பக்கத்தில் குந்தினார். தண்ணீரில் உறிஞ்சும் சத்தம் தொடங்கியிருந்தது. வழக்கப்படி பேச்சுக் கூடாது. அப்பா பேசினார்.

"அன்னைக்கு ராத்திரி நீ எங்கே இருந்தே?"

மச்சான் உடனே பதில் சொல்லவில்லை. லாந்தரில் ஈசல் மோதிக்கொண்டிருந்தது.

"வீட்டிலே" என்றார். "கதவைச் சாத்திக்கிட்டு."

"ஆளுங்க போறது தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது."

அப்பா டின்னை என்னிடமிருந்து வாங்கினார். துரையின் பூச்சிகளில் நாலுதான் மிச்சமிருந்தன. ஒன்றில் ஈசலைக் கட்டினார். அவருக்குக் கை நடுங்கியதை நான் அன்றுதான் பார்த்தேன். கட்டி முடித்ததை மச்சானிடம் நீட்டினார். பிறகு தனக்கு ஒன்று கட்டத் தொடங்கினார். அது முடியும்வரை மச்சான் நூலைத் தண்ணீரில் வைக்காமல் காத்திருந்தார்.

நாலு மகுரா கிடைத்தது. இரண்டு இரண்டாகப் பிரித்துக்கொண்டார்கள். புறப்படும்போது மச்சான் வீட்டுக்குள் போய், வாழை மடலில் சுற்றிக் காய்ந்த கொறுக்காய்ப் புளி கொண்டுவந்து கொடுத்தார். அம்மா அதை வாங்கி மோந்து பார்த்தாள். அடுக்களை மாடத்தில் பழைய புளி இருந்தது. அதை எடுக்கவில்லை. வந்த புளியிலிருந்து இரண்டு துண்டை எடுத்து, தண்ணீரில் ஊறப் போட்டாள்.